சோதினைக்கு விடாத பிள்ளை

மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறவள் அதிர்ச்சி அடையக் கூடாது. முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தது அது. ஒருவர் சொல்வதை மற்றவருக்கு அப்படியே சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. ரொறன்ரோவில் அகதி விசாரணைகளில் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அடி உதை, சிறை, செக்பொயின்ரில் பிடித்துக்கொண்டு போனது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு கோப்பி வாங்கிக் குடித்து, ஸ்ரீற்கார் ஏறி வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருக்கிறேன். கல் நெஞ்சுக்காரி என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அந்தக் கல் நெஞ்சுக்காரிக்கு ஒரு நாள் வாயடைத்துப் போனது எட்டு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஒரு பள்ளிக்கூடச் சோதினையால் என்றால் அவரே முதலில் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மாகாண அரசாங்கம் பள்ளிக்கூடங்களைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தது. இலையுதிர் காலத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று வகுப்பை விட்டு றோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். எங்கள் சனத்துக்கு அதுவே பெரிய அதிர்ச்சி. ரீச்சர் என்றால் எழும்பி நிற்கிற பழக்கத்தோடு வந்தவர்கள் நாங்கள். அந்த ரீச்சர் கழுத்தில் அட்டையைக் கொழுவிக்கொண்டு, கையில் கோப்பிக் கோப்பையோடு பள்ளிக்கூட வாசலில் சுற்றிச் சுற்றி நடந்தால் என்ன செய்வது? எங்கள் சனம் நெருங்கி இருந்த பார்க்டேல் பகுதியில் ஒரு தகப்பன் தூரத்தில் கண்டதுமே தொப்பியைக் கழற்றிவிட்டு, பேசுவதா பேசாமல் போவதா என்று தெரியாமல் குளிருக்குள் நின்றதை நானே பார்த்தேன். பெண்கள் சிலர் வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, பிள்ளையளின்ரை படிப்பை நாசமாக்கினம் என்று திட்டிக்கொண்டே வந்தார்கள்.

வகுப்புகள் திரும்பத் தொடங்கின. ஆனால் சண்டை ஓயவில்லை. அடுத்த சண்டை மூன்றாம் வகுப்புச் சோதினை. மாகாணம் முழுவதிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தாளை எழுத வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் எப்படி என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்றது அரசாங்கம். பிள்ளையைச் சாக்காக வைத்து எங்களுக்கு மார்க் போடப் பார்க்கிறீர்கள் என்றது ஆசிரியர் சங்கம். யார் திருத்துவது, எத்தனை நாள் வைப்பது, பேப்பரில் போடுவதா விடுவதா என்று எல்லாவற்றுக்கும் இழுபறி.

எங்கள் ஆட்களுக்கோ ஒரே சந்தோஷம். கனடாப் பள்ளிக்கூடத்தில் வெட்டி ஒட்டுவதும் நிறம் தீட்டுவதும்தான் படிப்போ என்று மனம் வெந்துகொண்டிருந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு சோதினை கிடைத்துவிட்டது. பிள்ளையைத் தயார் செய்ய வேண்டாம், இதில் பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை என்று பள்ளிக்கூடம் வீட்டுக்கு ஒரு அறிவித்தல் அனுப்பியது. அதைத் தமிழில் எழுதியது நான்தான். அடுத்த சனிக்கிழமையே அப்பார்ட்மென்ற் கட்டடங்களில் மூன்றாம் வகுப்புக்கு ரியூஷன் தொடங்கிவிட்டது. “பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லையெண்டால் அதுக்குப் பேர் என்ன சோதினை? எங்கடை பிள்ளையளைப் படிக்கவிடாமல் மறிக்கிற விளையாட்டு உது,” என்று ஒரு தகப்பன் எனக்கே விளக்கம் சொன்னார். நான் எழுதிய தமிழில் ஒரு பிழையும் இல்லை. நம்பத்தான் ஆள் இல்லை.

புதிதாக வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் பள்ளிக்கூடங்களில் இந்தச் சோதினையை எப்படி வைப்பது என்று பேசி முடிக்க, எங்கள் பகுதியில் ஒரு சிறு குழு கூடியது. அரசாங்கத்தின் பக்கத்தில் ஒரு மனிதர், நல்ல கோட்டும் களைத்த கண்களுமாக. சங்கத்தின் பக்கத்தில் ஒரு பெண், நரைத்த தலை, கணீரென்ற குரல். பெற்றோர் சார்பில் ஒரு தமிழ்த் தாய். அவவுக்குப் பக்கத்தில் நான். கூட்டம் நடந்தது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் நூலகத்தில். சின்னப் பிள்ளைகளின் கதிரைகள்தான் அங்கே இருந்தன. நாங்கள் நாலு பேரும் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் தாய் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். விடியப் புறம் பார்க்டேலில் பஸ் ஏறி, மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போய் வருகிறவ. கணவர் இன்னும் கொழும்பில், இங்கே வருவதற்கான பத்திரம் சரிவரக் காத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எந்தக் கூட்டம் வைத்தாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், முன் வரிசையில் வந்து உட்காருவாவாம். அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூட அதிபர் அவவைப் பெற்றோர் பிரதிநிதியாக்கிவிட்டார். ஒரே மகள் மூன்றாம் வகுப்பு. இங்கே வந்து இரண்டு வருடமாகவில்லை. சோதினை என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து அந்தப் பிள்ளை வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டுதான் பல்லுத் தீட்டுகிறது என்று தாய் சொல்லிச் சிரித்தா. “தகப்பனுக்குப் போனில வாக்குக் குடுத்திட்டாள் அக்கா. மார்க் வந்த உடனை சொல்லுறன் அப்பா எண்டு. அந்த மனுசன் அங்கை அதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியுது.”

முதல் கூட்டங்களில் அரசாங்க மனிதரும் சங்கப் பெண்ணும் எதிலும் ஒத்துப்போகவில்லை. மேசையில் மஃபின் தட்டு ஒன்று வைத்திருந்தார்கள். அதை யார் முதலில் எடுப்பது என்பதிலும் சண்டை வரும் போல இருந்தது. மரியாதையான சண்டைதான், ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் கத்தி. நான் இரண்டு பக்கத்துக் கத்தியையும் தாயின் காதில் தமிழில் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தேன். அவ இடையில் ஒரு தடவை கேட்டா, “அக்கா, உவை ரெண்டு பேரும் பிள்ளையளைப் பற்றியோ கதைக்கினம்?” அது கூட்டத்துக்கு இல்லை, எனக்கு மட்டும் என்றதால் நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

கடைசிக் கூட்டம் பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒரு பின்னேரம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் கிடைக்காததால் தாய் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. நூலகத்துக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் பிள்ளை ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே அரசாங்க மனிதர் சொன்னார், புதிதாக வந்து ஆங்கிலம் இன்னும் போதாத பிள்ளைகளை இந்தச் சோதினையிலிருந்து விலக்கிவிடலாம் என்று. சங்கப் பெண் உடனே, நாங்களும் அதைத்தான் கேட்க இருந்தோம் என்றா. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மனிதர் முதல் தடவையாக ஒரு மஃபினை எடுத்தார். தட்டைப் பெண்ணின் பக்கம் தள்ளிவிட்டார், அவவும் ஒன்றை எடுத்தா.

நான் திகைத்துப்போய் இருந்தேன். இவ்வளவு காலம் ஒரு கமாவுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த ஒன்றில் கண் மூடித் திறப்பதற்குள் ஒத்துக்கொண்டார்கள். ஏன் என்று விளங்க எனக்கு நேரமெடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எழுதினால் மாகாணத்தின் சராசரி விழும், அரசாங்கத்துக்கு அது கூடாது. எங்கள் பிள்ளைகள் எழுதினால் அந்த ஆசிரியர்களுக்குக் கெட்ட பெயர், சங்கத்துக்கு அது கூடாது. எழுதாமல் விட்டால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. முகத்தில் உண்மையான கருணைதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஆங்கிலத்துக்கென்று தனி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இது பொருந்தும் என்றார்கள். இந்தத் தாயின் மகளும் அதற்குள் அடக்கம். தமிழில் சொன்னேன். தாய்க்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னா. திரும்பவும் சொன்னேன்.

“சோதினைக்கு விடமாட்டினமோ?”

அந்தச் சொல்லின் பாரம் அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் சில பள்ளிக்கூடங்களில் பெறுபேறு கெட்டுவிடும் என்று பயந்து, மொக்குப் பிள்ளைகள் என்று நினைப்பவர்களை பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். அரசாங்கச் சோதினைக்கு விடாமல் மறித்துவிடுவார்கள். ஃபெயில் விட்டால் திரும்ப எழுதலாம். விடாமல் மறித்தால் தலை தூக்க முடியாது. தகப்பன்மார் அதிபரின் வீட்டு வாசல் படலையில் போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி மறிக்கப்பட்ட பையன் ஒருவன் அதற்குப் பிறகு பகலில் வெளியே வந்ததே இல்லை.

“என்ரை பிள்ளை என்ன பிழை விட்டவள் எண்டு கேளுங்கோ அக்கா,” என்றா தாய்.

கேட்டேன். சங்கப் பெண் பதறிப்போனா. ஒரு பிழையும் விடவில்லை, இது தண்டனை இல்லை, விளங்காத தாளை முன்னால் வைத்துப் பிள்ளையை அழ வைக்க நாங்கள் விரும்பவில்லை என்றா.

“அழட்டுமன். அழுதுபோட்டு எழுதுவாள். நாங்கள் எல்லாம் சிரிச்சுக்கொண்டோ எழுதினனாங்கள்?”

அதையும் சொன்னேன். அரசாங்க மனிதர் மஃபினைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு தாய் என்னைப் பார்க்காமல் நேராக அவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினா. தமிழில்தான். நான் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். “நான் ஓ.எல். எழுதேக்கை எங்கடை பக்கம் ஒரே ஷெல் அடி. பங்கருக்குள்ளை இருந்துதான் படிச்சனான். கேள்வித்தாள் கொழும்பில இருந்து கப்பலில வரவேணும். வராது எண்டுதான் எல்லாரும் நினைச்சது. வந்தது. சோதினை நடந்த நாளெல்லாம் எங்கடை பக்கம் ஒரு வெடி கேக்கேல்லை. பேசி வைச்சவையோ, தற்செயலோ, எனக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் பிள்ளையள் எழுதட்டும் எண்டு விட்டவை எண்டுதான் அப்பா சொன்னவர். எங்களைச் சாக்கொல்லுற ஆக்கள், சோதினைக்கு மறிக்கேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் நல்ல ஆக்கள். நீங்கள் ஏன் மறிக்கிறியள்?”

‘இரண்டு பக்கமும்’ வரைக்கும் ஆங்கிலத்தில் வந்துவிட்டேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தேன், தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு நடக்காத விஷயம். விசாரணை மண்டபத்தில் எவ்வளவு பயங்கரத்தைச் சொன்னபோதும் அது எனக்கு வெளியே இருந்தது. இது உள்ளே வந்துவிட்டது. அந்தச் சோதினை நாட்களில் நானும் அங்கேதான் இருந்தேன், சத்தமில்லாமல் கிடந்த அந்தக் காலைகளை எனக்கும் தெரியும். இங்கே கருணையாகப் பேசுகிற இரண்டு பேர் அதைவிடக் கேவலமாக நடக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மிச்சத்தைச் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான்தான் அதைக் கேட்டவள் போல.

ஒரு நிமிடம் தாருங்கள் என்று இரண்டு பேரும் புத்தக அலுமாரிக்குப் பின்னால் போய்க் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சம். பிள்ளை மற்றவர்களோடு இருந்து எழுதலாம், யாரும் மறிக்க மாட்டார்கள், ஆனால் அந்தத் தாள் திருத்தப்பட மாட்டாது, கணக்கில் சேராது என்றார்கள். பெரிய பரிசு ஒன்றைக் கொண்டுவந்து தந்தது போல் நின்றார்கள்.

“திருத்தாட்டி அது என்ன சோதினை?” என்றா தாய். எழும்பினா. சின்னக் கதிரை அவவோடு சேர்ந்து எழும்பி, பிறகு கீழே விழுந்தது. கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டா. “பிள்ளைக்கு இங்கிலீஷ் விளங்கும். நீங்களே சொல்லுங்கோ. என்னாலை ஏலாது.”

இரட்டைப் பின்னலும் பனிச் சப்பாத்துமாக அந்தப் பிள்ளை உள்ளே வந்து நின்றது. பெரிய ஆட்கள் சின்னக் கதிரையில் இருப்பதைப் பார்த்து அதற்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டது. அரசாங்க மனிதர் சங்கப் பெண்ணைப் பார்த்தார். நீங்கள் ஆசிரியர், நீங்கள் சொல்வதுதான் நல்லது என்றார். உங்கள் சோதினை, நீங்கள் சொல்லுங்கள் என்றா அவ. இப்போதும் பேச்சுவார்த்தை! எனக்கு அந்த மஃபின் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, உன் தாளை யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் மனிதர்தான் குனிந்து சொன்னார், எல்லாரையும் போல நீயும் சோதினை எழுதப் போகிறாய் என்று.

பிள்ளை ஆங்கிலத்தில், தெளிவாக, ஒரு கேள்விதான் கேட்டது. “என்னுடைய மார்க்கை அனுப்புவீர்களா?”

மனிதர் தாயைப் பார்த்தார், சங்கப் பெண்ணைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு “யெஸ்” என்றார்.

“என்னவாம்?” என்று தாய் என் கையைப் பிடித்தா.

“ஓமாம். அனுப்புறாராம்.”

அவ முகத்தை மூடிக்கொண்டு அழுதா. சங்கப் பெண்ணும் கண்ணைத் துடைத்தா. வென்றுவிட்டோம் என்று எனக்குப் புல்லரித்தது. அன்றைக்கு ஸ்ரீற்காரில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மே மாதம் சோதினை வந்தது. தாய் வேலை நேரத்தை மாற்றி வாங்கி, பென்சில் பெட்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியாரிடம் ஆசீர்வாதம் பெற்று, மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாட்கணக்காக இழுத்தது அந்தச் சோதினை. இடையில் ஒரு நாள் நான் அவர்களை றோட்டில் கண்டேன். “அன்ரி, கணக்குச் செய்தால் மட்டும் போதாதாம். ஏன் அப்பிடிச் செய்தனீ எண்டு எழுதவும் வேணுமாம். ஐ ரோட் எ லொட்,” என்றது பிள்ளை. கணக்குக்கு என்ன கதை என்று தாய்க்குக் குழப்பம். ஆனால் இரண்டு பேரின் முகமும் பூரித்துப்போய் இருந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் பெறுபேறு வந்தது. பேப்பரில் பள்ளிக்கூடங்களின் வரிசை போட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடம் அடியில் கிடந்தது. சோதினை எழுதிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வீட்டுக்குக் கடிதம் போனது. எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. தாய் எனக்குப் போன் எடுத்தா.

மொழிபெயர்ப்பாளர் இப்படியான விஷயங்களில் தலையிடக் கூடாது. நான் தலையிட்டேன். அரசாங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அந்த மனிதர் வேறு பகுதிக்கு மாறிப் போய்விட்டாராம். அவருடைய இடத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை விலக்கப்பட்ட பிள்ளை, அதற்குப் பெறுபேறு கிடையாது என்றார். வாக்குக் கொடுத்தாரே என்றேன். அப்படி ஒன்றும் பதிவில் இல்லை, விலக்கச் சொல்லிக் கேட்டதே சங்கம்தானே என்றார். சங்கப் பெண்ணுக்கு எடுத்தேன். அவவுக்கு என்னை நல்ல ஞாபகம். மிகவும் வருந்தினா. இந்த அரசாங்கம் இப்படித்தான், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றா. போனை வைத்துவிட்டேன். அகதி விசாரணையில் வருகிற ஒரு ஏழை மனிதன் சம்பவம் நடந்த மாதத்தை மாற்றிச் சொன்னாலே பொய்க்காரன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த மனிதர் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அன்றைக்கு நான் பார்த்த அந்தக் களைத்த கண்ணில் கள்ளம் இருந்ததா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். இருக்கவில்லை. அந்த நேரத்துக்குப் பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்.

தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பவும் ஒரு தரம் சொல்லச் சொன்னா. பிறகு, “தகப்பன் ஒவ்வொரு கிழமையும் போனில கேக்குது அக்கா. நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் வந்து அவளுக்குச் சொல்லுங்கோ,” என்றா.

அடுத்த சனிக்கிழமை பார்க்டேலுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழி முழுவதும் வசனம் வசனமாகக் கட்டிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் அந்தப் பிள்ளை நின்றது. பெட்டித் திறப்புச் சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தது. பெட்டியைத் திறந்து பீட்ஸா விளம்பரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டு, கையை உள்ளே விட்டு அடிவரைக்கும் துழாவியது. என்னைக் கண்டதும் திரும்பியது.

“அன்ரி, நீங்கள் அண்டைக்கு அங்கை இருந்தனீங்கள்தானே. அந்த அங்கிள் யெஸ் எண்டுதானே சொன்னவர்?”

கட்டிக்கொண்டு வந்த வசனம் ஒன்றும் வாயில் இல்லை. கேட்டதை அப்படியே சொல்கிற வாய்தான் இருந்தது.

“ஓம். யெஸ் எண்டுதான் சொன்னவர்.”

“அப்ப வரும்,” என்றது பிள்ளை. பெட்டியைப் பூட்டியது. பூட்டுப்பட்டதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தது. எலிவேற்றர் பட்டனை அழுத்திவிட்டு, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.